அக்காவுக்குக் கிடைத்த பேட்ஜ்

அக்கா, பெரியம்மாவின் மகள், என்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவளுக்கு எது கிடைத்தாலும் இந்தப் பக்கம் எனக்கு வயிறு எரியும். அவளுக்கு முடி நீளம். பெரியப்பாவோடு றக்வானை கடைத்தெருவுக்குப் போய் வந்தே சிங்களத்தைத் தண்ணீர்போலப் பேசப் பழகியிருந்தாள். அம்மாவும் சும்மா இருக்கமாட்டார். "அவளப் பாத்துக் கத்துக்க" என்பார்.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூட அதிபரைப் பெரிய சேர் என்போம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர் அறையை விட்டு வெளியே வந்தால் எல்லாப் பிள்ளைகளும் உதட்டில் விரல் வைக்க வேண்டும். திரும்பிப் போகும்வரை எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கென்று புதிதாகக் கட்டிய கக்கூஸையும் அவர் பூட்டி வைத்திருந்தார். திறந்துவிட்டால் நாறடித்துவிடுவோமாம். நாங்கள் தேயிலைக்குள்தான் ஒதுங்குவோம். பெரிய பிள்ளைகள் அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் கல்விக் கந்தோரிலிருந்து பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஒரு சிங்கள ஐயா வந்தார். குறை ஏதும் உண்டா என்று எங்களைக் கேட்டார். பெரிய சேர் எங்கள் பக்கம் திரும்பி, "ஒன்னும் இல்லன்னு சொல்லுங்க" என்றார். அக்கா எழுந்தாள். கக்கூஸ் பூட்டிக் கிடக்கிறது, பொம்பளைப் பிள்ளைகள் தேயிலைக்குள் போகிறோம் என்று சிங்களத்தில் நேராகச் சொல்லிவிட்டாள். ஐயா சிரித்தார், இதைக் கவனியுங்கள் என்றார், இளநீரைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் அக்காவின் தோல் உரியும் என்றே எல்லோரும் நினைத்தோம். காலைக் கூட்டத்தில் பெரிய சேர் அவளைக் கூப்பிட்டார். நீல நிறத்தில் மாணவத் தலைவி பேட்ஜ் ஒன்றை அவள் சட்டையில் குத்தினார். கக்கூஸ் சாவியையும் கையில் கொடுத்தார்.

"பேசத் தெரிஞ்ச புள்ள. இனி நீயே எல்லாரையும் பாத்துக்க. நான் சொல்லும்போது மட்டும் தொறக்கணும். யாரு விரல எடுத்தாங்கன்னு தினமும் வந்து சொல்லணும். ஒருத்தருமில்லன்னு சொன்னா உன்னத்தான் கேப்பேன்."

எனக்கு அழுகை வந்தது. சிங்களம் தெரிந்திருந்தால் அந்த பேட்ஜ் என் சட்டையில் இருந்திருக்கும். பெரியம்மா அன்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். அடுத்த நாளிலிருந்து நான் பெரிய சேரின் அறையைக் கூட்டினேன். மற்றவர்கள் விரலை எடுத்த பிறகும் நான் எடுக்காமல் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அக்காவோடு விளையாட இப்போது யாரும் வருவதில்லை. அவளைக் கண்டால் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். அது மரியாதை என்று நினைத்து அதற்கும் எரிந்தேன். ஒரு சாயங்காலம் பெரியம்மா வீட்டில் அவள் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலைவியானதும் துரைமார்போலச் சாப்பிடுகிறாள் பார் என்று அம்மாவிடம் வந்து சொன்னேன்.

பிறகு ஒருநாள் முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, உதட்டில் விரலை வைத்தபடியே, நின்ற இடத்தில் சிறுநீர் கழித்துவிட்டது. விரலை எடுத்துக் கேட்கப் பயம். பெரிய சேர் அக்காவைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கிட்டு இருந்த? நேத்தும் ஒரு பேரும் சொல்லல."

அக்கா பேட்ஜைக் கழற்றி, சாவியோடு மேசையில் வைத்தாள். "எனக்கு வேணாம் சேர்" என்று சொல்லி, அவர் கேட்கும் முன்பே வலது கையை நீட்டினாள். உள்ளங்கை ஏற்கனவே வீங்கிக் கன்றிப்போயிருந்தது. அவர் அடிக்கவில்லை. "வீட்டுக்குப் போ, இனி வராத" என்றார். அவள் அந்தச் சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"யாருக்கு வேணும்?" என்று பெரிய சேர் கேட்டார். முதலில் உயர்ந்தது என் கை.

அன்று பொழுது சாயும்போது மலைத்தண்ணீர் விழும் பீலியில் அக்கா குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பேட்ஜோடு போய் அவள் முன்னால் நின்றேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"வேணான்னு சொல்லிருடி" என்றாள்.

"நீ குடுத்துட்டேல்ல? இப்ப என்னோடது."

அவள் என்னை இழுத்து ஒருமுறை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு இடது கையால் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதை நான் நன்றாகப் பார்த்தேன். அடுத்த மாதம் அவளை மலைக்குப் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்தெடுக்க அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு என்மேல் பொறாமை என்றுதான் அன்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில், வீட்டுக்குப் போனதும், அவள் அழுததை அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னேன்.