மேற்படி குழந்தை

எழுபதுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். மகளை ஒரு கான்வென்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஃபாரம் மட்டும் போதாதாம். குழந்தையைப் பற்றி ஒரு பக்கம் தகப்பனார் தன் கைப்பட எழுதித் தர வேண்டுமாம். அதைப் படித்துவிட்டுத்தான் மதர் சீட் கொடுப்பார் என்று தெருவே சொன்னது. தமிழில் எழுதலாம் என்பது ஒன்றுதான் சலுகை.

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. காகிதம் எழுதித்தான் சம்பளமே. ஆனால் 'என் மகள்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. மகள் என்ன? மகள் இருக்கிறாள். அதற்கு மேல்? வேர்த்துக் கொட்டியது. ஃபேனைக் கூட்டினேன். காகிதம் பறந்தது. அதைத் துரத்திப் பிடித்ததில் கொஞ்ச நேரம் வேலை செய்த திருப்தி கிடைத்தது.

"பெத்த பொண்ணப் பத்தி எழுத இவ்ளோ யோசனையா?" என்றாள் மனைவி.

"நீதானே பெத்த. நீ எழுதேன்."

"அப்பா கையெழுத்துல கேட்டிருக்காங்க. இந்த சீட்டு போச்சுன்னா அப்பறம் இருக்கு உங்களுக்கு."

மறுநாள் காலை அதை எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு எடுத்துப் போனேன். எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம். தினமும் ஒன்றாகப் போகும் கூட்டம், எல்லோரும் அரசாங்கத்து ஆட்கள். லீவு லெட்டரோ, சம்பந்தி வீட்டுக்குக் கடிதமோ, எந்தக் காகிதமாயிருந்தாலும் பெட்டியில் கொடுத்தால் கோட்டை ஸ்டேஷன் வருவதற்குள் வரைவு தயாராகிவிடும்.

"மொதல்ல 'பொருள்', அதுக்குக் கீழ 'பார்வை'ன்னு போடுப்பா. பார்வை இல்லாத காகிதத்த எவன் படிப்பான்?" என்றார் கருவூலத்துக்காரர்.

"பார்வைக்கு என்ன போடறது சார்?"

"பொறந்த சர்டிபிகேட்டு! அதுதானே மூல ஆவணம்."

பல்லாவரத்தில் ஏறிய கோர்ட் குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "பேர ஒருதரம் சொன்னாப் போதும். அப்பறம் 'மேற்படி குழந்தை'ன்னே போய்க்கினு இரு. எவனும் ஆட்சேபணை பண்ண முடியாது."

அரசாங்க லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்த நண்பனுக்கு வேறு கவலை. "தடுப்பூசியெல்லாம் போட்டுட்டியா மச்சான்? அப்போ இப்டிப் போடு: 'உரிய காலத்தில் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட்டு, தற்போது நல்ல ஓட்ட நிலையில் உள்ளது.' டெய்லி எழுதறேன். ஒரு வண்டி திரும்பி வந்ததில்ல."

"ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை" என்று கருவூலம் சேர்த்தது. கம்பியைப் பிடித்து நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருவர், "நகல் யாருக்குன்னு போடலியே சார்?" என்றார். குழந்தையின் தாயாருக்கு என்று போட்டோம்.

ஆபீஸில் உட்கார்ந்து குண்டு குண்டான எழுத்தில் நல்ல பிரதி எடுத்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. இப்படி ஒரு காகிதம் வந்தால் எந்த அதிகாரியும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மறுநாள் கான்வென்டில் எங்கள் மூவரையும் எதிரே உட்காரவைத்து, மதர் கண்ணைத் திறந்துகொண்டுதான் படித்தார்.

"இது குழந்தையா, லாரியா?"

"குழந்தைதான் மதர்."

"நல்ல ஓட்ட நிலையில் உள்ளதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மதர். நல்லா ஓடுவா."

மனைவி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். மதர் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினார். "வராந்தாவுல உட்காந்து புதுசா எழுதுங்க. வேற யாரோட யோசனையும் வேணாம், குழந்தை மட்டும் பக்கத்துல இருக்கட்டும். அதைப் பாத்துட்டுதான் சீட்டு."

வராந்தாவில் இருந்தது சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. எவ்வளவு யோசித்தும் 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்பதைத் தவிர வேறு வாக்கியம் வரவில்லை. மகளிடமே சரணடைந்தேன்.

"உன்னப் பத்திக் கொஞ்சம் சொல்லும்மா."

அவள் எதற்கும் யோசிக்கவில்லை. "எனக்கு எருமமாடு புடிக்கும். திருநீர்மலைல நான் மேல வரைக்கும் ஏறிட்டேன், நீ பாதிலயே நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்துட்ட. இடி இடிச்சா நீ கட்டிலுக்கு அடில போயிடுவ. நான்தான் பயப்படாதப்பா, போயிடுச்சுன்னு சொல்லி உன்ன வெளிய கூட்டியாருவேன். உன் செருப்பு காணோம்னா நான்தான் தேடித் தருவேன். எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன். நீக்கவோ திருத்தவோ நேரமில்லை. மதர் வாசலில் வந்து நின்றிருந்தார். வாங்கிப் படித்தார். ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அது கட்டில் இடமாகத்தான் இருக்க வேண்டும்.

"குழந்தைக்கு சீட்டு உண்டு. தைரியமா இருக்கா, பொறுப்பா இருக்கா" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

மனசு மாறுவதற்குள் ஃபீஸ் கட்டிவிட வேண்டுமென்று மகளை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"அப்பா, எனக்கு ஒண்ணாங் க்ளாஸ். உனக்கு எந்த க்ளாஸ்ப்பா?"

"எனக்கு இன்னும் உத்தரவு வரலம்மா" என்றேன்.