அருவிக்கரையில் முடிவான விதி

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வீட்டின் முன்னறையில் வைத்து நான் ஒரு பெட்டி செய்துவந்தேன். நூற்பாலையில் எந்த மெஷினில் நூல் அறுந்தது என்று காட்டும் பெட்டி. நூல் அறுவதைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒரு கம்பெனியுடையது, பெட்டி வேறொருவருடையது என்றால் இரண்டும் ஒத்துப்போகாது. மில்காரர்கள் ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொண்டு விழி பிதுங்கினார்கள்.

இதற்கு முடிவு கட்ட, ராஜபாளையத்தில் இதே தொழில் செய்த சிலரும் நானும் சேர்ந்து ஒரு பொது விதி எழுதினோம். சென்சார் எந்த வேகத்தில், எந்த வரிசையில் தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி. இணையத்தில் இலவசமாகப் போட்டோம். யாரும் படிக்கலாம், யாரும் செய்யலாம், ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். திறந்த விதி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அதைத் திருத்தும் பேச்சு மட்டும் வேறு இடத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையத்துக்காரர்கள் அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போவார்கள். தலை துவட்டிக்கொண்டே, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே முடிவெடுப்பார்கள். ஈரத்துண்டு கட்டிய ஆண்கள் நடுவில் நான் எங்கே போய் உட்கார? வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. என்னால் வர முடியாது என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

அப்படியொரு ஞாயிறன்று தகவல் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். புது மில்களுக்கு நல்லதுதான். என் பெட்டிகள் இருந்ததோ பழைய மில்களில். அங்கே கேபிள் ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகும். அந்த நீளத்துக்கு அந்த வேகம் தாங்காது. புது சென்சார்களை மாட்டியதும் என் பெட்டிகள் ஊமையாகின. பழி பெட்டி மேல் விழுந்தது, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

ராஜபாளையத்துக்கே போய் அவர்களில் மூத்தவரிடம் கேட்டேன். மனுஷர் நிஜமாகவே திகைத்துப்போனார்.

"எல்லாம் நெட்லதான கெடக்கு தங்கச்சி. செத்த நேரம் எடுத்துப் பாத்திருக்கலாம்லா?"

"முடிவு பண்ணுன பொறவு படிச்சு நான் என்னண்ணே செய்ய?"

அவர் நல்ல மனிதர். அடுத்த திருத்தத்தைப் பேச பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஹோட்டல் மாடியை ஏற்பாடு செய்து, என்னை முதல் ஆளாகக் கூப்பிட்டார். பழைய வேகமும் கூடவே இருக்கட்டும் என்றேன். காபி ஆறுவதற்குள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமா என்று எனக்கு அழுகை முட்டியது. பழைய மில்கள் அதற்குள் மறுபடி ஒரே கம்பெனியின் சென்சாருக்கும் பெட்டிக்கும் மாறியிருந்தன.

அந்த விதிப்படி இன்று யார் வேண்டுமானாலும் என் பெட்டியைச் செய்யலாம். நான் செய்வதில்லை.