பத்து நிமிடக் கொத்தமல்லியும் நஸீமாவின் அட்வான்ஸும்

"பேலன்ஸ் இல்லா அந்த பர்த்தா இதே மேடம்... பேரே கார்டு இதியா?"

எனக்குக் கன்னடம் அரைகுறை. ஆனால் இந்த வாக்கியம் மட்டும் முழுசாகப் புரிந்துவிட்டது. பேலன்ஸ் இல்லையாம். வேறு கார்டு இருக்கிறதா என்கிறார்.

இரண்டு மாதம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை. காலை பதினொன்றரை மணி. அத்திப்பள்ளி டோல்கேட்டைத் தாண்டி, பொம்மசந்திரா பக்கம் ஒரு மருத்துவமனையின் பில்லிங் கவுன்ட்டர். உள்ளே என் கணவர் சரவணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். வேலை நேரத்தில் திடீர் வலி. கூட இருந்தவர்கள் தூக்கி வந்து சேர்த்துவிட்டு எனக்கு போன் செய்தார்கள். நான் ஓசூர் சிப்காட்டிலிருந்து கேப் பிடித்து ஓடி வந்தேன்.

அப்பெண்டிக்ஸ். வெடிக்கிற நிலையில் இருக்கிறது, இன்றைக்கே ஆபரேஷன் என்றார் டாக்டர்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஆனால் அப்ரூவல் வர சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் நாற்பதாயிரம் டெபாசிட். மருத்துவமனையைக் குறை சொல்ல மாட்டேன். டிரிப் போட்டு, ஸ்கேன் எடுத்து, எல்லாம் செய்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

நாற்பதாயிரம்தானே?

என் கணக்கில் இருந்தது மூவாயிரத்துச் சொச்சம். அவர் போனை வாங்கிப் பார்த்தேன்... ஆயிரத்து எண்ணூறு. கிரெடிட் கார்டைத் தேய்த்தபோதுதான் அந்தக் கன்னட வாக்கியம் வந்தது. லிமிட் முடிந்திருந்தது.

இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம். இரண்டு சம்பளமும் சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணமெல்லாம் எங்கே?

நான் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் ஆள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு நட்டுக்குப் பத்து பைசா குறைப்பதற்காக சப்ளையரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுகிற பிறவி. கம்பெனி பணத்தில் பைசா பைசாவாகப் பிடித்தவளுக்குச் சொந்தப் பணம் போன திசை தெரியவில்லை!

போன் போட ஆரம்பித்தேன். தம்பி எடுக்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும், என்னளவு சம்பளம் வாங்கும் இரண்டு பேருக்கு அடித்தேன். ஒருவர், "மாசக் கடைசி மேடம்... அஞ்சாயிரம்னா அனுப்பறேன்" என்றார். இன்னொருத்தி, "ஐயோ மீனா, நானே உங்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

ஆக, இந்த லட்சணம் என் வீட்டில் மட்டும் இல்லை!

அப்போதுதான் நஸீமா கூப்பிட்டாள். எங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவள். நான் வாங்கிப் போடும் சரக்கை அளந்து பார்த்து, சரியில்லை என்றால் முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்புவாள். ஆனாலும் மதியம் சாப்பாடு இரண்டு பேரும் சேர்ந்துதான். கிருஷ்ணகிரிப் பெண். மாதம் பதினெட்டாயிரம் சம்பளம். வீட்டுக்காரர் ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி லோடு ஓட்டுகிறார். பன்னிரண்டு வயதில் ஒரு பெண்.

"அக்கா, நேத்து வந்த லாட்டுக்கு உங்க கையெழுத்து வேணும். எங்க இருக்கீங்க?"

சொன்னேன்.

"எவ்ளோக்கா வேணும்?"

"நாப்பதாயிரம்."

கையிலிருந்த அளவுக் கருவியை அவள் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அக்கவுண்ட் நம்பர் அனுப்புங்க. பேங்குக்கு நேர்ல போயித்தான் போடணும். பர்மிஷன் சொல்லிட்டுப் போறேன். ஒரு மணி நேரம் ஆகும், பரவால்லயா?"

ஐம்பது நிமிடத்தில் வந்தது. முழு நாற்பதாயிரம். இரண்டு மணிக்கு ஆபரேஷன். அவர் பிழைத்தார்.

என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்குகிறவளிடம் இருந்த பணம் என்னிடம் இல்லை. அன்றைக்கு அதை யோசிக்க நேரமில்லை. யோசித்தது அடுத்த வாரம்.

அவர் தையலோடு வீட்டில் படுத்திருந்தார். நான் லீவு. இருவரின் மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பிரின்ட் எடுத்தேன். முப்பத்தொரு பக்கம்! கட்டில் மேல் பரப்பி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

வீட்டு லோன், கார் லோன், பள்ளி ஃபீஸ்... இவை தெரிந்த செலவுகள். ஆனால், இது என்ன? நூற்று முப்பது ரூபாய், நூற்று எழுபது, தொண்ணூற்றெட்டு, இருநூற்றுப் பத்து... ஒரே நாளில் மூன்று தடவைகூட இருக்கிறது. பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவந்து கொடுக்கும் ஆப்.

ஒவ்வொரு ஆர்டராகத் திறந்து பார்த்தேன். கொத்தமல்லி! மூன்று மாதத்தில் இருபத்தோரு தடவை கொத்தமல்லி ஆர்டர் செய்திருக்கிறேன். கொத்தமல்லி மட்டும் தனியாக வராதே — அதனால் கூடவே ஒரு சிப்ஸ், ஒரு சாக்லேட், ஒரு ஜூஸ். அதற்கு மேல் டெலிவரி சார்ஜ்.

இத்தனைக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழேயே காய்கறிக் கடை. நூறு ரூபாய்க்குக் காய் வாங்கினால் ஒரு கைப்பிடி கொத்தமல்லி கொசுறு. கொசுறாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து, அதுவும் டெலிவரி சார்ஜோடு வாங்கிய பர்ச்சேஸ் ஆபீசர் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"என்னங்க... இந்த ஐநூத்தி தொண்ணூத்தொம்பது என்னது? மாசா மாசம் போகுது?"

சரவணன் கூரையைப் பார்த்தார். "ஜிம்."

"எந்த ஜிம்?"

"போன வருஷம் ரெண்டு நாள் போனேனே..."

"இந்த இருபத்தாறாயிரம்? பத்து தவணைல?"

"சைக்கிள்."

பால்கனியைத் திரும்பிப் பார்த்தேன். சைக்கிள் மேல் யாழினியின் யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. யாழினி எங்கள் மகள், ஐந்தாம் வகுப்பு.

"சரி, என்னுதைக் கேட்டுட்ட. இந்த ரெண்டாயிரத்து நானூறு... அதே பேர்ல அஞ்சு தடவை போயிருக்கே, அது யாரு?"

எழுந்து போய் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஐந்து புடவைகளை எடுத்து வந்து கட்டிலில் போட்டேன். ஆன்லைன் லைவில் வாங்கியவை. கவர்கூடப் பிரிக்கவில்லை.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "ஐயோ, சிரிக்க வெக்காத மீனா... தையல் பிரிஞ்சிடும்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

நகை வாங்கவில்லை, நிலம் வாங்கவில்லை, ஊர் சுற்றவில்லை. எதையுமே அனுபவிக்காமல் ஒரு குடும்பம் இவ்வளவு செலவு செய்ய முடியுமா? முடியும். முப்பத்தொரு பக்கத்துக்கு ஆதாரம் வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் மருத்துவமனை டெபாசிட் திரும்பி வந்தது. அன்றைக்கே நஸீமாவுக்கு அனுப்பிவிட்டேன். மதியம் சாப்பிடும்போது வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "எப்படிடி சேத்த?"

"சம்பளம் வந்த அன்னைக்கே ரெண்டாயிரத்து ஐநூறு வெளிய போயிடணும்க்கா. வீட்ல இருந்தா அதுக்கு ஒரு செலவு தானா வந்து நிக்கும். வேற பேங்க்ல போட்டுருவேன். அதுக்குக் கார்டு வாங்கல, போன்லயும் வெச்சுக்கல. எடுக்கணும்னா நேர்ல போய் வரிசைல நிக்கணும். நிக்க சோம்பேறித்தனம், அதனால பணம் அப்படியே கிடக்கும்."

அவ்வளவுதான் வித்தை. பதினாறு மாதம் சேர்த்திருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை அதே பேங்குக்கு என்னையும் கூட்டிப் போனாள். "கார்டு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்ததும் கவுன்ட்டரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜிம்மை நிறுத்தினோம். சைக்கிளை விற்றோம். ஆப்பை போனிலிருந்து எடுத்தேன் — நான்காம் நாள் தயிர் இல்லை என்று மறுபடி போட்டேன், பிறகு மறுபடி எடுத்தேன். பொய் சொல்வானேன்?

முதல் மாதம் பன்னிரண்டாயிரத்தை ஒதுக்கிவிட்டு, இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் பச்சைப்பயறும் அப்பளமுமாக ஓட்டினோம். யாழினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டாவது மாதம் அவ்வளவு கஷ்டம் தெரியவில்லை. இப்போது கணக்கில் இருபத்து நான்காயிரம். அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பதினாறாயிரம் குறைகிறது. ஆனாலும் பரவாயில்லை, திருந்திவிட்டோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் வரை.

கேன்டீனில் டீ வாங்க நிற்கிறேன். நஸீமாவோடு இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் கீதா பக்கத்தில் வந்தாள்.

"நஸீமாவுக்கு வீடு எதுனா இருந்தா சொல்லுங்க மேடம். பாவம், பாத்து வெச்சிருந்த வீடும் போயிடுச்சு."

"எந்த வீடு?"

"அதான் மேடம், ரெண்டு மாசம் முன்ன... திங்கக்கிழமை அட்வான்ஸ் நாப்பதாயிரம் தர்றேன்னு சொல்லி வெச்சிருந்தா. என்னாச்சோ, பணம் இல்லைன்னுட்டா. ஓனரு நாலு நாள் பாத்துட்டு வேற ஆளுக்கு விட்டுட்டாரு."

திங்கட்கிழமை. நாற்பதாயிரம். இரண்டு மாதம் முன்பு.

டீ வாங்காமலேயே வரிசையிலிருந்து வெளியே வந்தேன்.

நஸீமா இருப்பது லைன் வீடு. ஒரே காம்பவுண்டில் ஆறு குடும்பம், பொதுவாக இரண்டு பாத்ரூம், அதுவும் வெளியே. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். பெண் வேறு பெரியவளாகிவிட்டாள். அதற்காகத்தான் பதினாறு மாதம் சேர்த்திருக்கிறாள்... பாத்ரூம் உள்ளே இருக்கிற ஒரு வீட்டுக்காக.

நேராக இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். கேஜை வைத்து எதையோ அளந்துகொண்டிருந்தாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

யார் சொன்னது என்றுகூடக் கேட்கவில்லை. "சொன்னா நீங்க வாங்கியிருப்பீங்களா? அங்க அண்ணனுக்கு வயிறு வெடிக்கிற மாதிரி இருக்குங்கறீங்க. வீடு பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

"எம்மேல உனக்குக் கோவமே வரலையா?"

கேஜைக் கீழே வைத்தாள்.

"வரலைன்னு சொன்னா பொய்க்கா. நீங்க லீவு முடிஞ்சு வந்தன்னைக்கு, கைல புது வாட்ச் கட்டியிருந்தீங்க. எவ்ளோன்னு கேட்டேன். பதினஞ்சாயிரம்னீங்க. அன்னைக்குத்தான் ஓனரு போன் பண்ணி, வீட்டை விட்டாச்சும்மான்னாரு. அன்னைக்கு மட்டும்... கொஞ்சம் எரிச்சலா இருந்துச்சு."

அந்த வாட்ச் அவர் ஆபரேஷனுக்கு முன்பே ஆர்டர் போட்டது, தவணையில் வந்தது என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது என்ன சமாதானம்?

"அட்வான்ஸை நான் தர்றேன் நஸீமா. தயவு செஞ்சு வாங்கிக்க."

"பணம் எங்கிட்ட இருக்குக்கா. நீங்கதான் திருப்பிக் குடுத்துட்டீங்களே. வீடுதான் இல்ல."

என் செலவு, என் பணம், என் இஷ்டம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எவள் வீட்டு பாத்ரூமை விற்றுக் கொத்தமல்லி வாங்கியிருக்கிறேன் என்று அந்த முப்பத்தொரு பக்கத்தில் எந்த வரியிலும் இல்லையே?

போன ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு நானும் நஸீமாவும் வீடு பார்க்கக் கிளம்பினோம். மூன்று வீடு. முதல் வீட்டில் வாடகை கட்டாது. இரண்டாவது வீடு மூன்றாவது மாடியில். அவளோடு இருக்கும் மாமியாருக்கு முழங்கால் வலி.

தொரப்பள்ளி போகிற வழியில் இருந்த மூன்றாவது வீடு அருமையாக இருந்தது. ஓனரம்மா என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசினார். தண்ணீர் எப்போது வரும், துணி எங்கே காயப்போடலாம் என்றெல்லாம் காட்டினார். "உங்க பேரு என்னம்மா?" என்று கடைசியாக நஸீமாவைக் கேட்டார். சொன்னாள்.

"அடடா... எங்க சொந்தக்காரங்க ஒருத்தர் கேட்டிருந்தாங்க. மறந்தே போயிட்டேன் பாரு."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்லப் போனேன். நஸீமா என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

காரில் ஏறியதும், "இது நாலாவது சொந்தக்காரங்கக்கா" என்றாள். "முன்ன அட்வான்ஸ் பேசின வீட்டு ஓனரு பேரைக் கேட்டாரு. கேட்டுட்டு, தண்ணி மோட்டரு சுவிட்ச் எங்க இருக்குன்னு காட்டினாரு. அவ்ளோதான். அதனாலதான் அந்த வீடு புடிச்சுது."

நான் இழக்க வைத்தது ஒரு பாத்ரூமை மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இந்தப் பக்கத்தை ஓசூரில் நிறையப் பேர் படிக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் கேட்கிறேன். வாடகை எட்டாயிரத்துக்குள், தரைத்தளம், பாத்ரூம் உள்ளேயே இருக்கிற வீடு. பெயரைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் ஞாபகத்துக்கு வராத ஓனர். இருந்தால் சொல்லுங்கள்.

அட்வான்ஸ் நாற்பதாயிரம் தயாராக இருக்கிறது — இந்த முறை நான் கேட்க மாட்டேன்!