பாதாம் மரத்துக் கம்பி

பதினோராம் வகுப்புக்குத் தாவரத் திசுக்கள் பாடம் எடுக்கும்போதெல்லாம் என் கை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. கரும்பலகையில் தண்டின் குறுக்குவெட்டை வரைவேன். உள்ளே சைலம், வேர் உறிஞ்சிய தண்ணீரை மேலே ஏற்றுவது. பட்டையை ஒட்டி புளோயம். இலை சமைத்ததை வேர்வரைக்கும் இறக்குவது. அந்த வெளிவட்டத்தைப் போடும்போது எங்கள் முதலியார்பேட்டை வீட்டுப் பாதாம் மரம் கண்முன்னே வந்து நிற்கும். மிஸ்ஸுக்குப் பாடம் மறந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அது அப்பா வைத்த மரம். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனில் வந்த சொல்தா. பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலுக்கு முந்தின நாள் சாயங்காலம் நீலம், வெள்ளை, சிவப்பில் ஒரு காகித விளக்கை அந்த மரத்தில் தொங்கவிடுவார். லம்ப்பியோன் என்பார். நூல், கயிறெல்லாம் அவருக்கு ஆகாது. கட்டுக்கம்பியைத் தண்டில் மூன்று சுற்றுச் சுற்றி, குறடால் முறுக்கி இறுக்குவார். அப்போது நான் காரைக்காலில் வேலையில் இருந்தேன். அந்த விளக்குக்காகவே வந்து, பதினாலாம் தேதி பஸ் ஏறிவிடுவேன்.

ஒரு ஜூலையில் விளக்கைக் கட்டிய மறுநாளே அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒரு வாரம் இருந்தார், அவ்வளவுதான். காகிதம் மழையில் கிழிந்துபோனது. கம்பி மட்டும் மிஞ்சியது.

நான் மாற்றல் வாங்கிக்கொண்டு அம்மாவோடு வந்துவிட்டேன். கம்பியைத் தொட யாரையும் விடவில்லை. அதில் துணிக்கொடி கட்டப்போன வேலைக்காரம்மாவைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அந்த முறுக்கைத் தொட்டுவிட்டுப் போவேன். அப்பாவின் விரலைத் தொடுவது போலவே இருக்கும்.

வருடங்கள் போயின. கம்பிக்கு மேலே தண்டு பருத்தது. மரம் எப்படிச் செழிக்கிறது பார் என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். கம்பி பட்டைக்குள் புதைந்தபோது, மரம் அப்பாவை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டது என்றுகூட நினைத்தேன். தாவரவியல் படித்தவள் நினைக்கிற நினைப்பா அது?

பிறகு ஒரு வருடம் இலையெல்லாம் சிவந்து உதிர்ந்தது. பாதாம் மரம் உதிர்ப்பது வழக்கம்தானே என்று இருந்தேன். துளிர் வரவில்லை. வகுப்பில் அப்போது இதே பாடம். நுனியில் இருக்கும் ஆக்குத் திசுதான் பிரிந்து பிரிந்து துளிர் விடும் என்று சொல்லிவிட்டு, இரண்டு வட்டங்களையும் வரைந்தேன். ஒரு பெண் எழுந்தாள்.

“மிஸ், வெளி வட்டத்த மட்டும் அறுத்துட்டா மரம் என்னா ஆவும்?”

“தண்ணி மேல போய்க்கினே இருக்கும். அதனால இலை பச்சையாவே இருக்கும். சத்து கீழ எறங்காம, அறுத்த எடத்துக்கு மேல தேங்கி வீங்கும். வேரு பட்டினி கெடந்து சாவும்.”

சொல்லி முடித்ததும் சாக்பீஸை மேஜையில் வைத்தேன். அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். உளியால் பட்டையைப் பிளந்து கம்பியை வெட்டி எடுத்தேன். அதற்குக் கீழே கீறிப் பார்த்தேன். பச்சையே இல்லை. மண்ணைத் தோண்டி ஒரு வேரைப் பிடித்தேன், கையோடு பொடிந்து வந்தது.

அம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா கட்டின கம்பிம்மா. அதான் மரத்தக் கொன்னுடுச்சு” என்றேன்.

“அவரு வருசா வருசம் பதினஞ்சாந்தேதி அவுத்துடுவாரு. மரத்துக்கு மூச்சு முட்டும்பாரு. நீதான் அதுக்குள்ள பஸ் ஏறிடுவியே.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“அவரு ஆஸ்பத்திரில இருக்கும்போதே அவுக்கச் சொன்னேன். அவரு வர்ற வரைக்கும் யாரும் அதத் தொடக் கூடாதுன்னு கத்துன.”

கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா சொன்னது நினைவில் இல்லை. கம்பித் துண்டுகள் கையில் இருந்தன. முறுக்கு அவிழாமல் அப்படியே இருந்தது.

அம்மா அதையே பார்த்தாள். “அவுத்தாளா, அவுத்தாளான்னு கேட்டுக்கினே இருந்தாரு” என்றாள். “கடைசி நாளு, அவுத்துட்டாள்னு சொல்லிட்டேன்.”