யோர்தாங்கா கையெழுத்திட்ட வண்டி

யோர்தாங்கா ஒரு வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் எங்கள் மலையூர் ஸ்மோல்யானில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. பதினேழு வருடமாக எங்கள் வாகனச் சோதனை நிலையத்தில் அவள்தான் பரிசோதகர். அதற்கு முன் நூற்பாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவள். ஆலை மூடியதும், அதே கையோடு மோட்டார் சைக்கிளுக்கு வந்துவிட்டாள். என் பெயர் ஸ்வெத்தான். அவள் சொல்வதைப் படிவத்தில் நிரப்புவது என் வேலை.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கால்நடை மருத்துவர் குரூம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சட்டையின் முழங்கை கிழிந்திருந்தது. தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. கையிலிருந்த சான்றிதழை மேஜைமேல் போட்டார்.

"இந்தக் கையெழுத்து யாருது?"

"என்னுதுதான் டாக்டரே" என்றாள் யோர்தாங்கா.

"மார்ச்ல போட்டிருக்கே. மூணு மாசம்தான் ஆச்சு. நேத்து இறக்கத்துல இந்த வண்டி என்னைப் பள்ளத்துல தள்ளப் பாத்துச்சு. நான் மாட்டுக்கு ஊசி போடறவன்மா, சர்க்கஸ்காரன் இல்ல!"

அவள் கோபப்படவில்லை. கையைத் துணியில் துடைத்தபடி வெளியே போய் வண்டியைச் சுற்றி வந்தாள்.

"எங்க ஆடுச்சு? ஹேண்டில்லயா, உங்க இடுப்புக்குக் கீழயா?"

"இது என்ன கேள்வி?"

"ஹேண்டில் படபடன்னு அடிச்சா கோளாறு முன்னாடி. பின்பக்கம் நெளிஞ்சா கோளாறு பின்னாடி. மாடு எங்க வலிக்குதுன்னு சொல்லாது. நீங்க சொல்லலாம்ல?"

குரூம் கையை வளைத்து வளைத்துக் காட்டினார். "நெளிஞ்சுது. பாம்பு போற மாதிரி. எண்பதைத் தாண்டினதும் ஆரம்பிச்சுது."

"பெட்டியில சாமான் இருந்துதா?"

"ரெண்டு பெட்டியும் நிறைய மருந்து. காலியா போனா ஒண்ணும் இல்ல."

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டயரின் காற்று சரியாக இருந்தது. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பினாள். ஹேண்டில் திரும்பும் கோன்செட் பேரிங்கில் எங்கும் தட்டவில்லை. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாள், அசைவில்லை. நூல் கட்டி இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. பத்து மணிக்கெல்லாம் அவள் முகம் இறுகிவிட்டது. கோளாறு கிடைத்தால் அவள் பாட்டுக்கு முணுமுணுப்பாள். கிடைக்காவிட்டால்தான் பேச்சே இருக்காது.

"ரெண்டு பெட்டியிலயும் மணல் மூட்டை வை" என்றாள் என்னிடம். "நான் ஓட்டிப் பாக்கறேன்."

"அக்கா, அவரே விழுந்திருக்காரு..."

"அதான் ஓட்டணும்."

குரூமும் நானும் நிலையத்துக் காரில் பின்னால் போனோம். ஊரைத் தாண்டியதும் இறக்கம் தொடங்கியது. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் ஆறு. அறுபது வரை வண்டி நேராகப் போனது. எழுபது. எண்பது. சட்டென்று பின்சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கியது, மறுபக்கம் ஒதுங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது. எதிரே மரம் ஏற்றிய லாரி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"பிரேக் போடு! பிரேக்!" என்று குரூம் காருக்குள்ளேயே கத்தினார்.

அவள் போடவில்லை. உடம்பை டேங்கின்மேல் சாய்த்தாள். முழங்காலால் டேங்கை இறுக்கினாள். கை மட்டும் ஹேண்டிலில் தளர்வாக இருந்தது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்தாள். லாரி ஹாரனை அலறவிட்டபடி ஒரு கை இடைவெளியில் கடந்து போனது. ஆட்டம் குறைந்து வண்டி ஓரமாக நின்றபோது, என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவள் இறங்கி, சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இறுக்கிப் பிடிச்சிருந்தா ஆத்துலதான் இருந்திருப்பேன்" என்றாள். 

நிலையத்துக்கு மெதுவாக ஓட்டி வந்ததும், பெட்டிகள் மாட்டியிருந்த இரும்புத் தாங்கியைப் பார்த்தாள். அதன் அடிக்கால், பின்சக்கரத்தைத் தாங்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஃபிரேம் குழாயிலேயே நேரடியாக வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. மேலே ஒரு தகடு மூடியிருந்தது. தகட்டைக் கழற்றினாள். குழாயில் மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் விட்டு நன்றாகத் துடைத்தாள். பிறகு சாக்பீஸை நொறுக்கிப் பொடியாகத் தூவினாள். மூட்டையோடு வண்டியை அமுக்கி அமுக்கி விடச் சொன்னாள்.

விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் ஈரமான ஒரு கோடாக மெல்ல எழுந்தது. குழாயைச் சுற்றிப் பாதிக்குமேல் ஓடியது.

"பாரம் ஏறினாத்தான் வாயைத் திறக்குது" என்றாள். பிறகு குரூமைப் பார்த்தாள். "மார்ச்ல இந்தத் தகட்டை நான் கழட்டல டாக்டரே. அன்னிக்கு வெளிய பதினோரு வண்டி நின்னுது. தப்பு என்னுது."

வரும்போது சண்டைக்கு வந்த மனிதர், இப்போது கிழிந்த முழங்கையைத் தடவிக்கொண்டார்.

"தாங்கி யார் போட்டது?" என்று கேட்டாள் யோர்தாங்கா.

"கடைவீதியில இரும்பு கேட் செய்யற கெஞ்சோ. வேற வண்டிக்கும் போட்டிருக்கான்மா. தாங்கி போட்ட அன்னிக்கு அங்க எனக்கு முன்னாடி தேன்காரர் மெத்தோதி நின்னாரு. ஒரே மாதிரி தாங்கி."

யோர்தாங்காவின் கை அப்படியே நின்றது. மெத்தோதியின் வண்டிக்கும் ஏப்ரலில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். சனிக்கிழமைதோறும் அவர் மனைவி ஸ்லாத்காவைப் பின்னால் உட்காரவைத்து, இரண்டு பெட்டி நிறையத் தேன் புட்டிகளோடு தெவின் சந்தைக்குப் போவார். அவருக்குப் போன் அடித்தேன். மலை இடுக்கில் சிக்னல் கிடைக்காது, மணியே போகவில்லை.

"காரை எடு" என்றாள்.

ஷிரோகா லக்கா கிராமத்துக்கு முன்னால் உள்ள நீண்ட இறக்கத்தில் நாங்கள் இருவரும் அவர்களைக் கண்டோம். நான் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன், ஹாரன் அடித்தேன். மெத்தோதி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பார்த்ததும் வேகத்தைக் கூட்டினார்.

காரணம் எனக்குத் தெரியும். தேய்ந்த டயருக்காக இரண்டு முறை அவள் அவர் வண்டியைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து அவர் அவளை 'மந்திரியம்மா' என்றுதான் சொல்வார்.

வண்டியின் பின்பக்கம் லேசாக நெளிந்தது. ஸ்லாத்காவின் தலைத்துணி இடமும் வலமுமாக அசைந்தது.

"நிறுத்து!" என்றாள் யோர்தாங்கா. "பின்னாடியே நின்னுக்கோ. நாம துரத்தத் துரத்த அவரு முறுக்குவாரு. நாமளே கொன்னுடுவோம்."

"விட்டுட்டா...?"

"பின்னாடி நில்லுன்னு சொல்றேன்ல!"

காரை ஓரங்கட்டினேன். அவர்கள் வளைவில் மறைந்தார்கள். ஒரு நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவள் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, கீழிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றின் சத்தம் மட்டும் வந்தது. பிறகு விளக்கில்லாமல், ஹாரனில்லாமல், நாற்பதில் போனோம். ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச்சுவர் உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

மூன்றாவது வளைவில், சாலையோரத் தண்ணீர்க்குழாயடியில் வண்டி நின்றது. ஸ்லாத்கா கல்மேல் உட்கார்ந்து, வீட்டில் சுட்ட பாலாடைக்கட்டி அடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மெத்தோதி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"சனிக்கிழமைகூட விடமாட்டீங்களா மந்திரியம்மா? இன்னிக்கு என்ன, தேன்ல சக்கரை கலந்திருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

"மெத்தோதியண்ணே, ஃபிரேம் விரிசல் விட்டிருக்கலாம். ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

"ஏப்ரல்ல நீங்கதானே நல்லா இருக்குன்னு எழுதினீங்க?"

"நான்தான் எழுதினேன். பாக்காம எழுதிட்டேன்."

மெத்தோதி சிரித்தார். "அப்போ இனிமே நீங்க எழுதறதை யாரு நம்பறது? சந்தை ரெண்டு மணிக்குக் கலைஞ்சிடும். ஏறு ஸ்லாத்கா."

ஸ்லாத்கா அசையவில்லை. அடையைத் துணியில் மடித்துவைத்தாள்.

"இப்ப வர்றப்போ வண்டி ஆடுச்சுல்ல?" என்றாள் கணவனிடம்.

"காத்து."

"காத்து அடிச்சா எனக்குத் தெரியாதா? நாலு வாரமா ஆடுது. நான் கண்ணை மூடிக்கிட்டு உன் பெல்ட்டைப் புடிச்சுக்கிட்டு வர்றேன். சொன்னா பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவ." எழுந்து யோர்தாங்காவிடம் திரும்பினாள். "நீ பாரு. நான் ஏறல."

சாக்பீஸ் பொடி என் பையில் இருந்தது. அங்கேயே தகட்டைக் கழற்றினோம். மண்ணெண்ணெய்க்கோ, பொடிக்கோ வேலையே வரவில்லை. விரிசல் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. குழாயில் முக்கால் பாகம் பிளந்து, உள்ளே துருப்பிடித்த கறுப்பும் புதிதாக முறிந்த வெள்ளியும் தெரிந்தன. யோர்தாங்கா விரல் நகத்தை அதற்குள் விட்டுக் காட்டினாள்.

மெத்தோதி குனிந்து பார்த்தார். விரிசல்மேல் தானும் விரலை ஓட்டினார். நிமிர்ந்தபோது, "இன்னும் எவ்வளவு தூரம் தாங்கியிருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியாதுண்ணே. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வளைவு வரைக்கும்கூட இருக்கலாம், அடுத்த வருஷம் வரைக்கும்கூட இருக்கலாம்."

தேன் பெட்டிகளைக் காரில் ஏற்றினோம். தேன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டியை மெத்தோதியின் மச்சான் டிரக்கில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். கெஞ்சோ இனி மோட்டார் சைக்கிளைத் தொடுவதில்லை என்று சொல்லி, இரண்டு பேருக்கும் வேறு ஃபிரேம் தேடிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை யோர்தாங்கா மாவட்ட அலுவலகத்துக்குத் தன்மேலேயே ஒரு அறிக்கை சொன்னாள். நான் தட்டச்சு செய்தேன். 'அதிக வேலை காரணமாக' என்று நான் சேர்த்த இடத்தைப் பார்த்து, "அதை எடு" என்றாள்.

"உண்மைதானே அக்கா? பதினோரு வண்டி நின்னுதே."

"நின்னுது. ஆனா கையெழுத்து போட்டது வரிசை இல்ல, நான்."

இருபது நாள் பணியிடை நீக்கம் வந்தது. அந்த இருபது நாளும் காலை எட்டு மணிக்கு அவள் தெருவில் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் சாக்பீஸ் பொடி டப்பா இருக்கும். பெட்டித் தாங்கி போட்ட வண்டி எந்த வீட்டு வாசலில் நின்றாலும் அந்தக் கதவைத் தட்டினாள். சிலர் திட்டினார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். முப்பத்துநான்கு வண்டி பார்த்தாள். இன்னொரு விரிசல் கிடைத்தது.