கோல் அடிக்க வந்த இத்தாலிக்காரர்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் தினக்கூலி. மேனேஜருக்குக் கால்பந்துப் பைத்தியம். அணியில் ஆடி அவர் கண்ணில் படுகிறவனுக்கு வேலையை நிரந்தரமாக்கிவிடுவார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன், எனக்கு வேறு வழியில்லை. முன்வரிசையில் ஆடினேன். கோலும் அடித்தேன்.

அப்போதுதான் மெஷின் பூட்ட இத்தாலியிலிருந்து ஒருவர் வந்தார். தன் ஊர் அணியில் கோல் அடிப்பதற்கென்றே தன்னை வைத்திருந்தார்கள் என்றார். வெள்ளைத் தோல் சொன்னால் சாட்சி எதற்கு? மேனேஜர் அவரைக் கோச்சாக்கிவிட்டார். தான் அடித்த ஒரு கோலைப் பற்றி வாராவாரம் சொல்வார். முதல் வாரம் கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து அடித்தது. மாதம் முடிவதற்குள் பாதி மைதானத்திலிருந்து அடித்ததாக வளர்ந்துவிட்டது. வயிறும் கூடவே வளர்ந்தது.

கோல் அடித்தே பேர் வாங்கியவர் எங்களைக் கோல் அடிக்க விடவில்லை. எல்லாரும் பின்னால் நின்று தடுக்க வேண்டுமாம். அவருடைய அரைகுறை இங்கிலீஷை ஆபீஸ் கிளார்க் பயபக்தியோடு தமிழில் சொல்வார்.

“துரை சொல்றாரு, தடுக்கிறதுதான் இப்ப சீமையில வித்தையாம்.”

“பத்துப் பேரும் என் மடியில வந்து உக்காந்தா, நான் பந்தைப் பாக்குறதா, இவனுங்க முதுகைப் பாக்குறதா?” என்றார் எங்கள் கோல்கீப்பர். கிளார்க் அதை மட்டும் இங்கிலீஷில் சொல்லவில்லை.

தொழிற்சாலைகளுக்கு இடையே நடந்த போட்டியின் இறுதி ஆட்டம் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோர மைதானத்தில். மேனேஜர் குடும்பத்தோடு வந்திருந்தார். அன்று பார்த்து கோச் தானே பனியன் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் இறங்கினார். என்னைப் பின்னால் அனுப்பினார். கையைத் தட்டித் தட்டிப் பந்து கேட்பார். பந்து வந்தால் நின்று மூச்சு வாங்குவார்.

“மாமாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கடா!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

இருபக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப் போகிறது. இப்படியே நின்றால் மேனேஜர் என்னைப் பார்க்கவே போவதில்லை என்று தோன்றியது. கிடைத்த பந்தோடு ஓடினேன். கோலுக்கு முன்னால் காலை இடறிவிட்டார்கள். பெனால்டி.

பந்தை நான் வைத்தேன். கோச் தோளால் என்னை ஒதுக்கிவிட்டு, மார்பில் தட்டிக்கொண்டு, வெகுதூரத்திலிருந்து ஓடிவந்து உதைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து வாழைத் தோப்பில் விழுந்தது. அதை நானே போய் எடுத்து வீசிவிட்டு, பின்னால் ஓடிச் சேர்வதற்குள் எதிரணி கோல் அடித்துவிட்டது.

கிளார்க் மேனேஜரிடம் ஓடினார். “துரை சொல்றாருங்க, இவன் பின்னாலயே நின்னிருந்தா கோல் விழுந்திருக்காதாம்.”

மேனேஜர் தலையாட்டினார். நான் அவர்கள் பக்கம் போகாமல் பனியனைக் கழற்றினேன்.

அடுத்த வாரம் கேட்டில் காவல்காரர் என்னை நிறுத்தினார்.

“உன் பேரை எடுத்துட்டாங்கப்பா. உள்ள துரைக்கு வழியனுப்பு விழா நடக்குது. வேணும்னா காபி மட்டும் குடிச்சிட்டுப் போ.”

போனேன். காபி நன்றாகத்தான் இருந்தது. மேடையில் மேனேஜர் தம் கையாலேயே அவருக்கு ஆளுயர மாலை போட்டார். எல்லாரையும் எழுந்து கைதட்டச் சொன்னார்கள். என் கையில் டம்ளர் இருந்தது.