பலகாரம் சுடாத வீடு

என் சமையலறை அலமாரியில் ஓர் எவர்சில்வர் தட்டு சாய்ந்து நிற்கிறது. விளிம்பில் என் அம்மாவின் பெயர் ஆணியால் குத்தி எழுதப்பட்டிருக்கும். தீபாவளிக்குத் தவிர வேறெதற்கும் அதை நான் எடுப்பதில்லை. இனி அதற்கும் எடுப்பேனா என்று தெரியவில்லை.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில், "பலகாரம் சுட்டாச்சா?" என்று ஒருத்தி கேட்டால் அவளுக்கு முறுக்கு வேண்டும் என்று அர்த்தமில்லை. வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மற்ற வீடுகளுக்குப் போகும் தட்டு அவர்கள் பலகாரத்தோடு திரும்பி வரும். துக்க வீட்டுக்குப் போன தட்டு மட்டும் வெறுமையாக வரும். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் நான் உதவிக்குச் சேர்ந்தபோது, அங்கே பொறுப்பாக இருந்தவர் ஆயாம்மா. புருஷன் இல்லை. ஒரே மகள், சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஆறு மாதம் ஞாயிறு தவறாமல் போன் வந்தது. பிறகு நின்றுபோனது. அவள் வேறு வீட்டுக்கு மாறிவிட்டாள் என்று மட்டும் ஏஜென்சிக்காரர் சொன்னார். பதுளைக்கும் கொழும்புக்கும் ஆயாம்மா அலைந்த அலைச்சலில் செருப்புத் தேய்ந்ததே தவிர ஒரு சேதியும் கிடைக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு லயம் முழுக்க எண்ணெய் வாசனை. ஆயாம்மா வீட்டில் மட்டும் அடுப்பு புகையவில்லை. நல்ல நாளும் அதுவுமாக அந்த மனுஷி வாயில் இனிப்புப் படாமல் இருப்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல், இந்தத் தட்டில் அதிரசமும் முறுக்கும் அடுக்கி, வாழையிலையால் மூடிக் கொண்டுபோனேன். எனக்குப் புத்தி எப்போதும் காரியம் கெட்ட பிறகுதான் வரும்.

இலையைத் தூக்கிப் பார்த்த ஆயாம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ புள்ள, யாரு செத்துட்டான்னு இதக் கொண்டாந்த?"

"இல்ல ஆயாம்மா, சும்மாதான்..."

"சட்டி வைக்காத வீட்டுக்கு யாரும் சும்மா கொண்டாரமாட்டாங்க. எம்மக இருக்கா. நீ இங்கனயே நில்லு."

இருந்த கோதுமை மாவில் சீனியைக் கொட்டிப் பிசைந்தார். எண்ணெய் காயும்வரை பொறுக்க முடியாமல் உருண்டைகளைப் போட்டார். அவை எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று வந்தன. அதிரசத்தை எடுத்து வைத்துவிட்டு, அவற்றை என் தட்டில் நிரப்பிக் கொடுத்தார்.

"எங்க வீட்டுலயும் பலகாரம் சுட்டாச்சுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு."

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அதிகம் பழகியிராத அவர் மகளை என் கையாலேயே சாகடித்துவிட்டதுபோல் இருந்தது. மறு வருஷத்திலிருந்து லயத்தில் முதல் சட்டி ஆயாம்மா வீட்டில்தான் காய்ந்தது. கல்யாணமாகிப் பதுளைக்கு வந்த பிறகும் தீபாவளி தவறாமல் தட்டோடு போனேன். அது நிரம்பித் திரும்பியது. மகளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தட்டு நிரம்பினால் அவள் இருக்கிறாள், அவ்வளவுதான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு நானும் நம்பத்தான் பார்த்தேன். ஒரு வருஷமும் என்னால் நம்ப முடிந்ததில்லை.

இந்தத் தீபாவளிக்கும் போனேன். புதிதாக எந்தச் சேதியும் வந்திருக்கவில்லை. ஆயாம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அடுப்பில் சாம்பல்கூட இல்லை. நான் கொண்டுபோனதை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் வைத்தார். தட்டைக் கழுவி முந்தானையால் துடைத்தார்.

"மாவு இருந்தா குடுங்க ஆயாம்மா, நான் சுட்டுத் தாறேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வேணாம் புள்ள. அன்னைக்கி நீ சரியாத்தான் கொண்டாந்த."

தட்டை என் கையில் கொடுத்தார். அதில் ஒன்றும் இல்லை.